குட்டி தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையா? வெட் ஃபுட், டிரை ஃபுட்: அறிகுறி பார்த்து முடிவெடுக்கும் வழி

பூனைக்குட்டி சாப்பிட முரண்டு பிடிக்கிறது என்று பாளையங்கோட்டையில் எந்த பெட் ஷாப்பில் போய்ச் சொன்னாலும் கையில் இன்னொரு பாக்கெட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். வேறு கம்பெனி, வேறு சுவை. கொஞ்ச நாளில் அடுப்படி அலமாரியில் பாதி பிரித்த பாக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்கும். குட்டி எல்லாவற்றையும் மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கிரேவியோடு பௌச்சில் வரும் வெட் ஃபுட்டா, உலர்ந்த துண்டுகளாக வரும் டிரை ஃபுட்டா என்று கேட்கும் முன் ஒரு வேளை பக்கத்தில் உட்கார்ந்து, குட்டி எப்படி மறுக்கிறது என்று பாருங்கள். மோந்துவிட்டுத் திரும்புகிறதா, வாயில் எடுத்துக் கீழே போடுகிறதா, கிரேவியை மட்டும் நக்குகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் தனி, வைத்தியமும் தனி. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் குட்டிக்குப் பொருந்துவதைப் படித்தால் போதும். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதையும் தொடவில்லை, சுருண்டு கிடக்கிறது

இதை முரண்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நோயாகத்தான் பார்க்க வேண்டும். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டி 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலோ, அதைவிடப் பெரிய குட்டி 24 மணி நேரம் எதையும் தொடாமல் இருந்தாலோ பாக்கெட் மாற்றிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். குட்டியின் உடம்பில் இருப்புச் சத்து மிகக் குறைவு. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

கூடவே வாந்தியும் தண்ணீர் போன்ற பேதியும் காய்ச்சலும் இருந்தால் 24 மணி நேரம் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கேட் பார்வோ என்று சொல்கிற பேன்லூக்கோபீனியாவாக இருக்கலாம். குட்டிகளைச் சீக்கிரம் கொண்டுபோய்விடும். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடும் தடுப்பூசிதான் இதற்குக் காப்பு. நெல்லையைச் சுற்றி இருப்பவர்களுக்கு ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. துவண்டு கிடக்கும் குட்டியின் வாயில் சிரிஞ்சால் பாலையோ தண்ணீரையோ பீய்ச்சாதீர்கள். விழுங்கத் தெம்பில்லாத குட்டிக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

கொஞ்சம் கணக்கு

துறுதுறு என்று ஓடுகிறது, தட்டுக்கு வந்தால்தான் வம்பு என்றால் மேற்கொண்டு படிக்கலாம்.

டிரை ஃபுட்டில் ஈரம் நூற்றுக்குப் பத்துக்குள்தான் இருக்கும். வெட் ஃபுட்டில் எண்பதை ஒட்டி இருக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் புரதச் சதவீதத்தை அப்படியே ஒப்பிடக் கூடாது என்பது இதனால்தான். டிரை ஃபுட் பாக்கெட்டில் புரதம் 32 என்றும் வெட் ஃபுட் பௌச்சில் 9 என்றும் போட்டிருந்தால், பௌச் ஏமாற்று என்று தோன்றும். ஈரத்தைக் கழித்துப் பாருங்கள். ஈரம் 10 போக மீதி 90இல் 32 என்றால் டிரை ஃபுட்டில் புரதம் ஏறக்குறைய 36 சதவீதம். ஈரம் 82 போக மீதி 18இல் 9 என்றால் பௌச்சில் 50 சதவீதம். வளரும் குட்டிக்கு ஈரம் கழித்த கணக்கில் குறைந்தது 30 சதவீதம் புரதம் வேண்டும் என்பது ஆஃப்கோ என்ற அமெரிக்க அமைப்பின் அளவுகோல். இரண்டும் தேறிவிடுகின்றன.

இனி வயிற்றுக் கணக்கு. பத்து வாரத்தை ஒட்டிய, ஒரு கிலோ எடையுள்ள குட்டிக்கு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். 85 கிராம் பௌச் ஒன்று ஏறக்குறைய 70 கலோரி தரும். அதே 70 கலோரிக்கு டிரை ஃபுட் 20 கிராமுக்குள் போதும். வெட் ஃபுட் மட்டும் என்றால் நாளைக்கு மூன்று பௌச், டிரை ஃபுட் மட்டும் என்றால் 50 கிராமுக்குச் சற்று மேல். ஆனால் அந்த ஒரு பௌச்சில் 65 முதல் 70 மில்லி தண்ணீர் இருக்கிறது. டிரை ஃபுட்டில் ஐந்து மில்லி தேறினால் பெரிது. பூனைக்குத் தாகம் மெதுவாகத்தான் எடுக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் இந்த வித்தியாசம் சின்னதில்லை.

என் தீர்ப்பு, ஒரு நாளைக்கு ஒரு பௌச்சும் 30, 35 கிராம் டிரை ஃபுட்டும், நான்கைந்து வேளையாகப் பிரித்து. ஈரமும் கிடைக்கும், கைக்காசும் கரையாது. இரண்டு பாக்கெட்டிலும் குட்டிக்கானது என்றும் ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்றும் அச்சடித்திருக்க வேண்டும். ‘காம்ப்ளிமென்டரி’ என்று போட்டிருந்தால் அது தொட்டுக்கைதான், சாப்பாடாகாது. டியூனா மட்டும் போட்ட அழகான டின்கள் பல இந்த ரகம்.

மோந்து பார்க்கிறது, திரும்பிவிடுகிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். பூனை மூக்கால் சாப்பிடுகிற ஜீவன். இனிப்புச் சுவையை உணரும் ஏற்பியே அதற்கு வேலை செய்யாது. வாசனை சரியாக வராத உணவு அதற்குச் சாப்பாடே இல்லை. ஆகவே உணவை மாற்றும் முன் வாசனை எங்கே கெடுகிறது என்று தேடுங்கள்.

மீதிப் பௌச்சை ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்த கையோடு தட்டில் போட்டீர்களா? குளிர்ந்த உணவில் வாசனை எழாது. பௌச்சை மூடியபடி வெந்நீர் டம்ளரில் சில நிமிடம் நிறுத்தி வையுங்கள். புறங்கையில் தொட்டால் வெதுவெதுப்பாக, உடம்புச் சூட்டில் இருந்தால் சரி. பிரித்த பௌச்சை ஃபிரிட்ஜில் இரண்டு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். தட்டில் வைத்ததை நம் ஊர்க் கோடையில் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். கரண்ட் போய் ஃபிரிட்ஜ் வெகுநேரம் நின்றுபோன நாளில், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

டிரை ஃபுட்டை மோந்துவிட்டுத் திரும்பினால் கடைப் பக்கம் சந்தேகத்தைத் திருப்புங்கள். பெரிய மூட்டையைப் பிரித்து, கிலோவாகவும் அரைக் கிலோவாகவும் நிறுத்து பாலித்தீன் கவரில் கட்டித் தருவது இங்கே சகஜம். விலை குறைவுதான். ஆனால் மூட்டையைப் பிரித்த நாளிலிருந்து அதன் மேல் தெளித்திருக்கும் கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்கடிக்கத் தொடங்கிவிடும். வெயிலில் அது இன்னும் வேகம். நமக்கு மீன் வாடைதான் தெரியும். குட்டிக்கு ஊசிப்போனது தெரிந்துவிடும். அந்தக் கவரில் தயாரித்த தேதியும் இருக்காது, பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்து இருக்கிறதா என்று பார்க்க லேபிளும் இருக்காது. “அண்ணாச்சி, பிரிக்காத சின்னப் பாக்கெட்டாத் தாங்க” என்று கேட்டு வாங்கிவிடுங்கள். வீட்டில் அதைப் பாக்கெட்டோடு ஒரு எவர்சில்வர் தூக்குச் சட்டிக்குள் இறக்கி மூடினால் எறும்பும் ஏறாது, ஐப்பசி மழை ஈரத்தில் நமுத்தும் போகாது.

தட்டையும் பாருங்கள். எலுமிச்சை வாசனை சோப்பு போட்டுத் துலக்கி அரைகுறையாக அலசிய தட்டைப் பல பூனைகள் கிட்டவே நெருங்காது. ஆழக் கிண்ணத்தைவிட அகலத் தட்டு நல்லது. மலம் கழிக்கும் மண் டிரேவுக்குப் பக்கத்தில் சாப்பாடு வைத்தாலும் இதே கதைதான். டிரே புறவாசலில் என்றால் தட்டு தார்சாவில் இருக்கட்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் திரும்புகிறது, தும்முகிறது, கண்ணோரம் ஈரம் கசிகிறது, மூக்கில் சளி உலர்ந்து ஒட்டியிருக்கிறது என்றால் மூக்கடைப்பு. வாசனை தெரியாததால்தான் பட்டினி கிடக்கிறது. வெந்நீரில் நனைத்த பஞ்சால் மூக்கைத் துடைத்துவிட்டு, வெந்நீர் வாளி வைத்துக் கதவை மூடிய குளியலறையில் ஆவி படும்படி பத்து நிமிடம் மடியில் வைத்திருந்து, உடனே சூடாக்கிய வெட் ஃபுட்டை நீட்டுங்கள். இந்த நிலையில் டிரை ஃபுட் வேலைக்கு ஆகாது. மறுநாளும் தொடர்ந்தால் டாக்டர்.

ஒரு விஷயம், இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குத் தேய்ப்பது போலக் குட்டி மார்பில் நீலகிரித் தைலமோ சளிக் களிம்போ தேய்க்கக் கூடாது. யூகலிப்டஸ், கற்பூரம் இரண்டும் பூனைக்கு நஞ்சு. உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போது எல்லாம் வயிற்றுக்குள் போகும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுப்பது அதைவிட மோசம். மனிதனுக்குச் சாதாரண மாத்திரை, பூனையைக் கொன்றுவிடும்.

கிரேவியை நக்கிவிட்டுத் துண்டுகளை விட்டுவிடுகிறது

பசி இருக்கிறது, மூக்கு நன்றாக இருக்கிறது, துண்டின் பதம் பிடிக்கவில்லை. தாய்ப்பாலிலிருந்து இப்போதுதான் மாறிய குட்டிக்கு இது இயல்பு. முள்கரண்டியால் துண்டுகளை நசுக்கி, ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கூழாக்குங்கள். அல்லது மூஸ், பாத்தே என்று எழுதிய மசியல் வகையை வாங்குங்கள். நான்கைந்து நாளில் நசுக்குவதைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

நக்கும் கிரேவியில் கலோரி சொற்பம். தட்டு நனைந்திருப்பதைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வோம், எடை ஏறாது.

டிரை ஃபுட்டை வாயில் எடுக்கிறது, கீழே போடுகிறது

மனசு கேட்கிறது, வாய் ஒத்துழைக்கவில்லை. வயதைப் பாருங்கள். எட்டு வாரத்துக்கு முன்பு பால்பல் முழுதாக வந்திருக்காது. மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பால்பல் 26உம் விழுந்து நிலைப்பல் 30 முளைக்கும். அந்தச் சமயத்தில் ஈறு நோகும், தட்டில் துளி ரத்தம்கூடத் தெரியலாம். இரண்டு நிலையிலும் டிரை ஃபுட்டை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கொடுங்கள், அல்லது கொஞ்ச நாள் வெட் ஃபுட்டின் பங்கைக் கூட்டுங்கள். பாலில் ஊறவைக்க வேண்டாம். ஊறியது வெட் ஃபுட் மாதிரியே சீக்கிரம் கெடும், ஒரு மணி நேரக் கணக்கு அதற்கும் உண்டு.

பெரிய பூனைக்கான டிரை ஃபுட்டை வாங்கிவிட்டாலும் துண்டு பெரிதாக இருந்து கீழே விழும். வாயிலிருந்து எச்சில் ஒழுகி, கெட்ட வாடை வந்தால் நாக்கில் புண் இருக்கலாம். கேலிசி வைரஸ் அப்படிப் புண் வைக்கும். அது டாக்டர் பார்க்க வேண்டியது.

மீன் சோறு தவிர வேறெதையும் தொடாது

நெல்லையில் பாதிக் குட்டிகளின் கதை இது. தூத்துக்குடியிலிருந்தும் உவரியிலிருந்தும் மீன் வருகிற ஊரில், சாளைத் தலையைத் தின்று ருசி கண்ட குட்டிக்குப் பாக்கெட் உணவு எப்படி இறங்கும்? ‘எங்க காலத்துப் பூனையெல்லாம் இதத் தின்னுதான் வளர்ந்துச்சு’ என்று வீட்டில் சொல்லுவார்கள். அந்தக் காலத்துப் பூனை மீன் தலையோடு எலி, பல்லி, ஓணான் என்று முழு உடம்பாகத் தின்றது. எலும்பில் சுண்ணாம்பு, இதயத்தில் டாரின், ஈரலில் வைட்டமின் ஏ என்று எல்லாம் அதில் வந்துவிட்டன. வீட்டுக்குள் அடைந்து வளரும் குட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சோறும் மீனும் மட்டுமே என்றால் என்னென்ன குறையும்? டாரின் குறைந்தால் கண் விழித்திரையும் இதயத் தசையும் கெடும். 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டாரின் குறைவையும் பூனை இதய நோயையும் இணைத்துக் காட்டிய பிறகுதான் கம்பெனிகள் அதன் அளவைக் கூட்டின. சதையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் டாரினில் ஒரு பங்கு அதோடு போய்விடும். எலும்பில்லாத சதை மட்டும் என்றால் சுண்ணாம்பு குறைந்து குட்டியின் கால் வளையும், நொண்டும். சில பச்சை மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் அது போய்விடும். எண்ணெய்ச் சத்துள்ள மீனையே நாளும் கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து தோலுக்கடியில் கொழுப்பு புண்ணாகி, தொட்டாலே குட்டி கத்தும். குழம்பு மீனைக் கழுவிப் போட்டாலும் அதில் ஊறிய வெங்காயமும் பூண்டும் போகாது. இரண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துச் சோகை கொண்டுவரும்.

மாற்றுவது எப்படி? மீனை ஒரே நாளில் நிறுத்தினால் குட்டி பட்டினி கிடக்கும், நீங்கள் மூன்றாம் வேளை தோற்றுப்போவீர்கள். உப்பு, மசாலா எதுவும் போடாமல் ஒரு துண்டு மீனை வேகவையுங்கள். முள்ளை எடுத்து அந்தத் தண்ணீரோடு பிசையுங்கள். அதில் மசித்த வெட் ஃபுட்டை ஒரு டீஸ்பூன் கலந்து தொடங்குங்கள். மீன் வாடை உள்ள வெட் ஃபுட் என்றால் இன்னும் சுலபம். தினமும் மீனைக் கொஞ்சம் குறைத்து வெட் ஃபுட்டைக் கொஞ்சம் கூட்டினால் பத்து நாள் சுமாருக்கு மீன் வெறும் வாசனையாக நிற்கும். அதன்பின் டிரை ஃபுட்டைப் பொடித்து மேலே தூவுங்கள், பிறகு பொடிப்பதை நிறுத்துங்கள். மீனிலிருந்து நேராக டிரை ஃபுட்டுக்குத் தாவ வைப்பது ரொம்பக் கஷ்டம், இடையில் வெட் ஃபுட் பாலம் வேண்டும். மாறிய பிறகு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஒரு வாய் வெந்த மீன் கொடுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

நேற்று தின்றது, இன்று வேண்டாம் என்கிறது

இங்கே பழக்கியது நாம்தான். ஒரு வேளை மறுத்தவுடன் புதுசு ஒன்றைப் பிரித்தால், மறுத்தால் புதுசு வரும் என்று குட்டி கற்றுக்கொள்ளும். இரண்டு சுவைகளை முடிவு செய்துகொண்டு அவற்றோடு நில்லுங்கள். தட்டை வைத்து அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், அடுத்த வேளை வரை நொறுக்குத் தீனி கிடையாது. குட்டி மூன்று மாதம் தாண்டி நன்றாக விளையாடுகிறது என்றால் மட்டுமே இந்தக் கண்டிப்பு. முதலில் சொன்ன 24 மணி நேரக் கணக்கு இங்கேயும் செல்லும்.

பகலில் தொடாமல் ராத்திரி தின்றால் அது முரண்டு ஆகாது. வெயிலில் நமக்கே சோறு இறங்குவதில்லை. விடிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வெட் ஃபுட் வையுங்கள், நடுவில் டிரை ஃபுட் கிடக்கட்டும்.

தின்கிறது, வயிறு ஒத்துக்கொள்ளவில்லை

உணவு மாறிய இரண்டு மூன்று நாளில் மலம் இளகினால் மாற்றம் வேகமாகிவிட்டது என்று பொருள். பழைய உணவுக்குப் பாதி திரும்பி, ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள். பசும்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். பால்சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிக்காது. வயிறு மட்டும் பானையாக இருந்தால் பூச்சியாக இருக்கலாம். தாய்ப்பால் வழியாகவே வரும், டாக்டரிடம் எடைக்கேற்ற பூச்சி மருந்து வாங்குங்கள். மலத்தில் ரத்தம் கண்டால் அன்றே போக வேண்டும்.

டிரை ஃபுட்டை அவசரமாக விழுங்கி, அப்படியே முழுசாக வாந்தி எடுத்தால் அகலத் தட்டில் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மலம் கல்லாக இறுகினால் வெட் ஃபுட்டைக் கூட்டுங்கள். மண் சட்டியில் தண்ணீரைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள், பல பூனைகள் அப்படித்தான் அதிகம் குடிக்கும். முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் ராத்திரியானாலும் டாக்டர்.

வீட்டில் தின்பதில்லை, எடை மட்டும் கூடுகிறது

ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 400, 500 கிராம் என்று குட்டி எடை கூடினால் வளர்ச்சி சரியாக இருக்கிறது. சமையல் தராசில் ஒரு கூடையை வைத்து வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். தட்டில் வைத்தது அப்படியே இருந்தும் எடை ஏறினால், தெருவில் யார் வீட்டில் சாப்பாடு நடக்கிறது என்று விசாரிக்க வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் மச்சி வழியாகக் குட்டிக்கு எல்லா அடுப்படியும் ஒன்றுதான்.

“ஆச்சி, நம்ம குட்டிக்கு எதுவும் வைக்கியளா?” என்று கேட்டால் ஒளிக்க மாட்டார்கள். “பச்சப் புள்ள வாசல்ல நின்னு கத்துது, கண்டும் காணாமலா இருக்கச் சொல்லுத? ரெண்டு சாளத் தலையத்தான் போட்டேன்” என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பலனில்லை, ஆச்சி போடத்தான் போகிறார்கள். ஒரு சின்ன டப்பாவில் டிரை ஃபுட்டும் ஒரு டானிக் மூடியும் கொடுத்து, “வந்து கத்துனா இதுல ஒரு மூடி போடுங்க ஆச்சி, வெங்காயம் பூண்டு சேர்ந்தது மட்டும் வேண்டாம், அதுக்கு ரத்தம் கெட்டுப்போகும்” என்று சொல்லிவிடுங்கள். ஒரு மூடி எத்தனை கிராம் என்று முன்பே நிறுத்து வைத்துக்கொண்டு, சாயங்காலம் எத்தனை மூடி போட்டார்கள் என்று கேட்டு, அவ்வளவை வீட்டுக் கணக்கில் கழித்துவிடுங்கள்.